இன்ஜினை மட்டும் படமெடுத்துவிட்டுத் திரும்பாதீர்கள்: கொலராடோ வாழ் தமிழ் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

டென்வர், போல்டர், கொலராடோ ஸ்பிரிங்ஸ் பக்கம் குடியிருக்கும் தமிழ் நண்பர்களுக்கு,

வணக்கம்.

கோடையில் ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திறங்கியதும் அவர்களை எங்கெல்லாம் கூட்டிப்போவது என்று ஒரு பட்டியல் போடுவோம். டுராங்கோவிலிருந்து சில்வர்டன் போகும் ரயிலோ, நியூ மெக்சிகோவின் சாமாவுக்கும் கொலராடோவின் அன்டோனிட்டோவுக்கும் இடையே ஓடும் கம்ப்ரஸ் அண்ட் டோல்டெக் ரயிலோ அதில் தவறாமல் இருக்கும். நல்லதுதான். 3 அடி அகலத் தண்டவாளத்தில் நூறு வயதான நீராவி இன்ஜின் மூச்சிரைக்க மலையேறுவதைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். ஆனால் இந்த மடல் இன்ஜினைப் பற்றியதல்ல. சாமா ரயில் யார்டில் கொஞ்சம் தள்ளி, உருளை உடம்பும் முதுகில் ஒரு குமிழுமாக நிற்கிற பழைய எண்ணெய் டேங்கர்களைப் பற்றியது. அவற்றைக் கவனிக்க ஆள் வேண்டும். அந்த ஆட்கள் உங்களுக்குள்ளேயே இருக்கிறார்கள் என்று நம்புவதால் எழுதுகிறேன்.

நான் அழுத்தக் கலன்களையும் எண்ணெய்த் தொட்டிகளையும் சோதிக்கும் வேலையில் காலத்தைக் கழித்தவன். அதனால் என் கண் முதலில் தொட்டியின் மேல்தான் போகும். அந்தப் பாரபட்சத்தை மறைக்கவில்லை. ஆனாலும் ஒன்றை நிதானமாகவே சொல்வேன்: நாம் வரிசையில் நின்று டிக்கெட் வாங்குகிற அந்த மலைப்பாதை 1960-கள் வரை பிடுங்கப்படாமல் கிடந்ததற்கு, மரத்தோடும் இரும்புக் குழாய்களோடும் சேர்ந்து, இந்த டேங்கர்கள் சுமந்த எண்ணெயும் ஒரு காரணம்.

1870-இல் வில்லியம் ஜாக்சன் பால்மர் டென்வர் அண்ட் ரியோ கிராண்ட் கம்பெனியைத் தொடங்கியபோது 3 அடி கேஜைத் தேர்ந்தெடுத்தார். மலையைக் குடைந்து அகலப்படுத்தும் செலவு மிச்சம், வளைவுகளைக் குறுக்கிப் போடலாம் என்பது கணக்கு. 1880-இன் கடைசியில் தண்டவாளம் சாமாவை எட்டியது. அடுத்த ஆண்டு டுராங்கோ, அதற்கடுத்த ஆண்டு சில்வர்டன். எல்லாம் வெள்ளிச் சுரங்கங்களை நம்பி. 1893-இல் வெள்ளி விலை விழுந்தது. அதற்குள் கம்பெனியின் முக்கியப் பாதை ஸ்டாண்டர்டு கேஜுக்கு, அதாவது 4 அடி எட்டரை அங்குலப் பாதைக்கு, மாறியிருந்தது. சான் வான் மலைப்பக்கம் மட்டும் 3 அடிக் குறும்பாதையாகவே விடப்பட்டு, ஆடு மாடுகளையும் மரத்தையும் ஏற்றிக்கொண்டு காலத்தை ஓட்டியது.

இந்த நிலையில் 1935-இல் கொலராடோவின் ஆர்ச்சுலெட்டா கவுன்ட்டியில், நியூ மெக்சிகோ எல்லையை ஒட்டிய குரோமோ என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் எண்ணெய் கிடைத்தது. கிராம்ப்ஸ் என்று அந்த வயலுக்குப் பெயர். டெக்சாஸ்காரர்கள் கேட்டால் சிரிக்கிற அளவுதான். ஆனால் செத்துக்கொண்டிருந்த ஒரு ரயில் பாதைக்கு அது போதும். எண்ணெயை ரயிலேற்ற வசதியான இடம் சாமா. சுத்திகரிப்பு ஆலை இருந்ததோ மலைக்கு அந்தப் பக்கம், அலமோசாவில். நடுவில் 10,015 அடி உயரத்தில் கம்ப்ரஸ் கணவாய். கச்சா எண்ணெய் சாமாவில் டேங்கர்களில் நிரம்பி, கணவாயைத் தாண்டி அலமோசாவில் இறங்கியது. 1960-களின் முற்பகுதி வரை இதுதான் நடந்தது. பக்கவாட்டில் கிராம்ப்ஸ் என்று எழுதிய டேங்கர் வரிசை பனிக்குள் ஏறுகிற கறுப்பு வெள்ளைப் படங்கள் நிறைய இருக்கின்றன, தேடிப் பாருங்கள்.

அந்த டேங்கர்களின் பூர்வீகத்தில்தான் எனக்குச் சுவாரசியம் அதிகம். அவற்றில் பல குறும்பாதைக்கென்று பிறந்தவையே அல்ல. நாட்டின் மற்ற இடங்களில் ஸ்டாண்டர்டு கேஜில் ஓடித் தேய்ந்த பழைய டேங்கர்கள் அவை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்டவை. அந்தத் தொட்டிகளைத் தூக்கிக் குறும்பாதைச் சக்கரத் தொகுதிகளின் மேல் உட்காரவைத்தார்கள். வேகன்களை இணைக்கும் கப்ளிங் குறும்பாதையில் தாழ்வான உயரத்தில் இருக்கும். அதற்கேற்ப அதையும் இறக்கினார்கள். தொட்டி ஓர் உருளைதானே, அதற்குக் கீழே எந்தக் கேஜ் என்ற கவலை இல்லை. எடையும் புவியீர்ப்பு மையமும் பொருந்தினால் ஓடிவிடும்.

இன்ஜின்களிலும் இதே கதை உண்டு. கே-37 என்று சொல்லப்படும் வகை இன்ஜின்களை 1928 முதல் 1930 வரை டென்வரின் பர்னம் பணிமனையில் கட்டினார்கள். கொதிகலன்கள் எல்லாம் 1902-ஆம் ஆண்டு ஸ்டாண்டர்டு கேஜ் இன்ஜின்களிலிருந்து கழற்றியவை. கடைசிக் காலக் குறும்பாதை, பெரிய பாதை உடுத்திக் கழித்த உடுப்பைப் பிடித்துத் தைத்துப் போட்டுக்கொண்டு வாழ்ந்திருக்கிறது. கே-37-இன் இந்தக் கதையை ரயில் வழிகாட்டி ஒலிபெருக்கியில் சொல்வார். டேங்கரின் கதையைச் சொல்ல ஆளில்லை.

சாமாவில் நிற்பவற்றைப் பார்க்கும்போது இரண்டு வகைகளைப் பிரித்துப் பாருங்கள். ஒன்றில் தொட்டிக்கு அடியில் ஒடுக்கமான இரும்புச் சட்டம் முழு நீளத்துக்கும் ஓடும். தொட்டி அதன் மேல் சவாரி செய்யும், பட்டைகள் இழுத்துப் பிடித்திருக்கும். மற்றொன்றில் சட்டமே கிடையாது. ஜான் வான் டைக் என்ற எண்ணெய்த் தொழில் பொறியாளரின் யோசனை அது: தொட்டியின் தகடே போதிய பலம் உள்ளது என்றால் சட்டம் எதற்கு? இருமுனைகளிலும் சக்கரத் தொகுதிக்கும் கப்ளிங்குக்கும் வேண்டிய பாகங்களைத் தொட்டியிலேயே ரிவெட் அடித்துவிட்டார். இன்ஜின் இழுக்கும் இழுப்பு, பின்னால் வரும் வேகன் இடிக்கும் இடி எல்லாமே தொட்டித் தகட்டின் வழியாகத்தான் போகும். இன்றைய டேங்கர்களில் பெரும்பாலானவை சட்டமில்லாமல்தான் வருகின்றன. நூறாண்டுக்கு முன்பு, வெல்டிங் நம்பகமாவதற்கு முந்திய காலத்தில், வெறும் ரிவெட்டை நம்பி அதைச் செய்த துணிச்சலை நினைத்தால் எனக்கு இப்போதும் முதுகு சிலிர்க்கிறது.

முதுகில் இருக்கும் குமிழைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், பிள்ளைகள் கேட்பார்கள். சூடேறினால் எண்ணெய் விரியும். தொட்டியை விளிம்பு வரை நிரப்பிவிட்டால் விரிவதற்கு இடமில்லாமல் தகடு பிளந்துகொள்ளும். அந்த விரிவுக்கான இடம்தான் குமிழ். தொட்டிக் கொள்ளளவில் 2 சதவீதமாவது குமிழில் இருக்க வேண்டும் என்பது அக்காலத்து விதி. ஆள் இறங்கும் வாயும் பாதுகாப்பு வால்வும் அங்கேதான். அடிப்பகுதி வடிகுழாயின் அடைப்பானைத் திறந்து மூடும் கம்பியும் குமிழிலிருந்துதான் இறங்கும். நிரப்புகிறவரும் வடிக்கிறவரும் மேலே ஏறி நின்றே வேலை செய்ய வேண்டும் என்பதால்தான் சுற்றிலும் கைப்பிடிக் கம்பி, நடக்க மரப்பலகை.

எண்ணெயை ரயிலில் ஏற்றும் வழக்கம் இதற்கு வெகு முன்பே தொடங்கியது. பென்சில்வேனியாவின் டைட்டஸ்வில்லில் 1859-இல் டிரேக் கிணறு தோண்டியபிறகு, எண்ணெய் முதலில் மரப் பீப்பாய்களில்தான் போனது. பீப்பாய் ஒழுகும், உருளும், விலையும் அதிகம். 1865-இல் ஏமஸ் டென்ஸ்மோர், ஜேம்ஸ் டென்ஸ்மோர் என்ற சகோதரர்கள் தட்டையான வேகன் ஒன்றின் மேல் இரண்டு பெரிய மரத்தொட்டிகளை நிறுத்தி எண்ணெயை அனுப்பினார்கள். சில ஆண்டுகளில் கிடைமட்ட இரும்பு உருளை வந்து மரத்தொட்டியை ஒழித்துவிட்டது. இந்த ஜேம்ஸ் டென்ஸ்மோர்தான் பிறகு ஷோல்ஸின் தட்டச்சு இயந்திரத்துக்குப் பணம் போட்டவர். நீங்கள் அலுவலகத்தில் நாள் முழுக்கத் தட்டுகிற ஆங்கில விசைப்பலகைக்கும் டேங்கருக்கும் ஒரே ஆள் வழியாக உறவு உண்டு என்பது இந்த மடலுக்குத் தேவையில்லாத செய்திதான். சொல்லாமலிருக்க முடியவில்லை.

தேவையான செய்திக்கு வருகிறேன். சாமாவில் ஓடிய இந்த டேங்கர்களில் பல, ரயில் கம்பெனியின் சொத்தே அல்ல. யூனியன் டேங்க் கார் கம்பெனியின் சொத்து. வேகன் எண்ணுக்கு முன்னால் யு.டி.எல்.எக்ஸ். என்று போட்டிருக்கும், கடைசி எக்ஸ், வேகனுக்குச் சொந்தக்காரர் ரயில்வே அல்ல, வேறு ஆள் என்பதற்கான அடையாளம். எண்ணெய் ஏற்றும் வேகன்களைப் பெரும் பணம் போட்டு வாங்க ரயில் கம்பெனிகள் தயங்கின. ராக்ஃபெல்லரின் ஸ்டாண்டர்டு ஆயில் அந்த இடத்தில் புகுந்தது. டேங்கர் கையிலிருந்தால் எண்ணெய்ச் சந்தையே கையிலிருக்கும் என்று அவருக்குத் தெரியும். 1911-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஸ்டாண்டர்டு ஆயிலைத் துண்டு துண்டாகப் பிரித்தபோது டேங்கர் கம்பெனி தனியே வந்தது. இன்றும் அதே எழுத்துகளோடு புதிய டேங்கர்கள் நெடுஞ்சாலை ஓரத்துத் தண்டவாளங்களில் போவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

வேகன்களைப் பேணுகிறவர்களுக்கு இந்தச் சொத்துரிமை ஒரு தலைவலி. ரயில் கம்பெனி தன் சொந்த வேகன்களுக்கு எண், அளவு, கட்டிய ஆண்டு எல்லாம் போட்டு ஏடு வைத்திருக்கும். வாடகைக்கு வந்த டேங்கருக்கு அந்த ஏட்டில் பக்கம் ஒதுக்க யாருக்கும் கட்டாயமில்லை. எண்ணெய் நின்றதும் உரிமையாளர் என்ன செய்வார்? விற்பார், உடைப்பார். கொலராடோவும் நியூ மெக்சிகோவும் 1970-இல் சேர்ந்து சாமா–அன்டோனிட்டோ 64 மைல் பாதையையும் இன்ஜின்களையும் வேகன்களையும் ஏறத்தாழ 5.47 லட்சம் டாலருக்கு வாங்கியபோது பேரம் நடந்தது ரயில் கம்பெனியோடுதான். மரப்பெட்டி வேகன், மாட்டு வேகன், தட்டை வேகன் எல்லாம் அதில் வந்து சேர்ந்தன. அடுத்தவர் சொத்தான டேங்கரின் தலைவிதி அந்தப் பேரத்தில் தீர்மானிக்கப்பட்டதல்ல. ஆகவே இன்று எஞ்சியிருக்கும் ஒவ்வொன்றும் தப்பிப் பிழைத்தது.

நம் ஊரிலும் இது நடந்தது. 1992-இல் ஒரே கேஜ் திட்டம் வந்து மீட்டர் கேஜ் பாதைகள் ஒவ்வொன்றாக அகலப்பட்டன. ஸ்டேஷன் வாசல்களில் பழைய இன்ஜின்களைப் பெயின்ட் அடித்து மேடையேற்றினார்கள். மண்ணெண்ணெயும் டீசலும் சுமந்த மீட்டர் கேஜ் டேங்கர் ஒன்றை அப்படி எங்காவது வாசலில் பார்த்த நினைவு உங்களுக்கு இருக்கிறதா?

இனி மலையேற்றம். சாமாவிலிருந்து கம்ப்ரஸ் வரை 14 மைல். ஏற்றம் 2,000 அடிக்கு மேல். செங்குத்தான இடங்களில் 25 அடிக்கு ஓர் அடி. நம் ஊட்டி ரயில் பன்னிரண்டு அடிக்குச் சற்று மேல் போனாலே ஓர் அடி ஏறிவிடும், ஆனால் அதற்குப் பல்சக்கரம் இருக்கிறது. இங்கே வழவழப்பான சக்கரமும் வழவழப்பான தண்டவாளமும், இடையில் கொஞ்சம் மணலும்தான். எண்ணெய் நிரம்பிய ரயிலை ஒரே மூச்சில் ஏற்ற முடியாது. சாமாவில் ரயிலைத் துண்டாக்கி, ஒரு பகுதியைக் கம்ப்ரஸில் கொண்டுபோய் விட்டுவிட்டு, இறங்கி வந்து மிச்சத்தை ஏற்றுவார்கள். இரண்டு இன்ஜின் போட்டாலும் இரண்டையும் அடுத்தடுத்து மாட்டிக்கொண்டு லோபாட்டோ பாலத்தின் மேல் போக முடியாது, பாலம் தாங்காது. கழற்றித் தனித்தனியாகக் கடக்க வேண்டும். கம்ப்ரஸில் எல்லாத் துண்டுகளையும் சேர்த்துக் கட்டினால் அப்புறம் ஓர் இன்ஜினே அலமோசா வரை இழுத்துக்கொண்டு போய்விடும், கிழக்குப்பக்கச் சரிவு மென்மையானது.

இதில் ஓர் அதிர்ஷ்டத்தைக் கவனியுங்கள். நிரம்பிய டேங்கர் ஏறியதுதான் செங்குத்தான பக்கம். இறங்கியது மென்மையான பக்கம். காலி டேங்கர்கள் அலமோசாவிலிருந்து திரும்பி வரும்போதுதான் அந்தக் கொடுஞ்சரிவில் இறங்கின. அதற்குக்கூடப் பிரேக்மேன் ஒவ்வொரு வேகனிலும் பிரேக்கில் காற்றைத் தேக்கிவைக்கும் திருகைத் திருப்பிவிட்டுத்தான் வருவார். எண்ணெய் வயல் அலமோசா பக்கமும் ஆலை சாமா பக்கமும் இருந்திருந்தால், தளும்பும் கச்சா எண்ணெயோடு 14 மைல் அந்தச் சரிவில் இறங்க வேண்டியிருந்திருக்கும். ரயில் பிரேக் பற்றிய புத்தகங்களில் எழுத விபத்துக் கதைகள் கூடுதலாகவே கிடைத்திருக்கும்.

அலமோசாவுக்கும் அன்டோனிட்டோவுக்கும் இடையே மூன்று தண்டவாளங்கள் கிடந்தன. ஒன்று பொது, மற்ற இரண்டு கேஜுக்கு ஒன்று. ஒரே ரயிலில் இருவகை வேகன்களும் போக வேண்டுமானால் நடுவில், இருவகைக் கப்ளிங்கும் உள்ள ஓர் இணைப்பு வேகனை மாட்டுவார்கள். பிற இடங்களில் இதற்கு வேறு வழிகள் இருந்தன. பென்சில்வேனியாவின் ஈஸ்ட் பிராட் டாப் பாதையில் வேகன்களைப் பளுதூக்கியால் தூக்கி அடியில் சக்கரத் தொகுதியை மாற்றிவிடுவார்கள். கொலராடோவின் கிராம்ப்ஸ் டேங்கர்கள் ஒரே தடவை மாறின. பழைய கேஜுக்குத் திரும்பவேயில்லை.

1950-களில் நியூ மெக்சிகோவின் ஃபார்மிங்டன் பக்கம் எண்ணெயும் எரிவாயுவும் தோண்டும் வெறி கிளம்பியபோது குழாய்களும் துளையிடும் மண்கலவையும் இந்தக் குறும்பாதையில்தான் குவிந்தன. அது அடங்கியது. அலமோசா எண்ணெய்ப் போக்குவரத்தும் நின்றது. 1968-இல் கடைசிச் சரக்கு ரயில். அடுத்த ஆண்டே பாதையைக் கைவிட அனுமதி.

இப்போது பேணுதல். எனக்குக் கொஞ்சம் கோபமும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழைய டேங்கரைக் காப்பாற்றுகிறேன் என்று பல இடங்களில் நடப்பது இதுதான்: மணலை வீசியடித்துத் துருவையும் பெயின்ட்டையும் ஒன்றாகச் சுரண்டுவது, பளபளக்கும் கறுப்பை அடிப்பது, கணினியில் வெட்டிய எழுத்துகளை ஒட்டுவது. பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் அந்தப் பெயின்ட்டுக்கு அடியில்தான் டேங்கரின் சரித்திரமே இருந்தது. தொட்டியை எந்த ஊரில், எந்த மாதம் சோதித்தார்கள், பாதுகாப்பு வால்வை எப்போது சோதித்தார்கள், கொள்ளளவு என்ன என்பதெல்லாம் விதிப்படி தொட்டியின் மேலேயே எழுதப்பட்டிருக்கும். புதிய தேதி வரும்போது பழையதன் மேல் ஒரு பூச்சு பூசி எழுதுவார்கள். அப்படி அடுக்கடுக்காகக் கிடக்கும். சாய்வாக விளக்கடித்தால் கீழே உள்ள எழுத்துகள் லேசாக மேடுதட்டித் தெரியும். ரயில் கம்பெனி ஏட்டில் பக்கம் இல்லாத டேங்கருக்கு அதன் உடம்புதான் ஏடு. அரை நாள் மணலடிப்பில் அது போய்விட்டால் எந்த ஆவணக் காப்பகத்துக்கும் போய்த் திரும்பக் கொண்டுவர முடியாது.

பெயின்ட் அடிக்காதீர்கள் என்று சொல்லவில்லை. அடிக்காமல் விட்டால் வெயில் தின்னும், பனி தின்னும். ஆனால் அடிப்பதற்கு முன் ஒவ்வோர் அடியையும் சாய்வு வெளிச்சத்தில் படமெடுங்கள். எழுத்துகளை ஒளிபுகும் தாளில் பிரதியெடுங்கள். ஓரிடத்தில் உள்ளங்கை அகலத்துக்காவது பழைய அடுக்குகளைத் தொடாமல் விடுங்கள். பழைய பூச்சில் ஈயம் இருக்கும். அதைச் சுரண்டித் தூசியாக்குவது உங்கள் நுரையீரலுக்கும் கேடு.

அடுத்து, எழுத்து. கிராம்ப்ஸ் என்ற பெயர் படங்களில் நன்றாக வரும் என்பதற்காக, கையில் கிடைத்த ஒவ்வொரு டேங்கரிலும் அதை எழுதும் ஆசை பலருக்கும் வரும். ஆதாரம் இருந்தால் எழுதட்டும். இல்லாவிட்டால் உரிமையாளர் எழுத்தும் எண்ணும் மட்டும் போதும்.

துரு எங்கே முதலில் பிடிக்கும் என்று பார்ப்பதில்தான் உங்கள் போன்றவர்களின் படிப்பு உதவும். சட்டமுள்ள டேங்கரில், தொட்டி உட்காரும் இருக்கைகளுக்கும் தகட்டுக்கும் நடுவே நீர் தங்கும்; பட்டைகளுக்கு அடியிலும் தங்கும். வெளியே பார்த்தால் எல்லாம் திடமாகத் தெரியும், உள்ளே தகடு அப்பளம்போல் ஆகியிருக்கலாம். சட்டமில்லாத வான் டைக் டேங்கரில் இந்தச் சேதத்தின் பொருளே வேறு. அங்கே தகடு மெலிந்தால் ஒழுகுவதோடு நிற்காது, வேகனின் முதுகெலும்பே மெலிகிறது. அதை மற்ற வேகன்களோடு கோத்து இழுக்கலாமா என்ற கேள்விக்குத் தகட்டின் கனம் தெரியாமல் பதில் சொல்ல முடியாது. மீயொலிக் கனமானி வைத்து, கட்டம் போட்டு, அடித்தகட்டில் நெருக்கமாகவும் மேலே பரவலாகவும் அளவெடுக்க வேண்டும். எண்ணெய், எரிவாயு, விமானம், மின் உற்பத்தி என்று வேலை பார்க்கும் நம்மவர்கள் எத்தனை பேர் இந்தக் கருவியைத் தினமும் கையாள்கிறார்கள்! வார இறுதியில் ஒரு டேங்கருக்கு அதைச் செய்துகொடுத்தால், பெயின்ட் வாங்க நன்கொடை கொடுப்பதைவிடப் பெரிய உதவி.

ஓர் எச்சரிக்கை: தொட்டிக்குள் இறங்காதீர்கள். எண்ணெய் போய் அறுபது ஆண்டாகிவிட்டதே என்று நினைக்க வேண்டாம். அடியில் படிந்த கசடு வெயிலில் ஆவி விடும். துருப்பிடிக்கும் மூடிய தொட்டி உள்ளிருக்கும் ஆக்சிஜனையும் தின்றுவிடும். முறையான சோதனையும் காவலுக்கு வெளியே ஆளும் இல்லாமல் உள்ளே தலையை நீட்டுவதும் கூடாது. அந்த டேங்கரில் வெல்டிங் பொறி பறப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

கடைசியாக ஒரு சர்ச்சை. 2018-இல் டுராங்கோவுக்கு அருகே மூண்ட, '416 தீ' என்று பெயர் பெற்ற காட்டுத்தீ 54,000 ஏக்கருக்கு மேல் எரித்தது. நிலக்கரி இன்ஜினின் கங்குதான் காரணம் என்று அமெரிக்க அரசு வழக்குத் தொடுத்தது. 2022-இல் ரயில் தரப்பு 2 கோடி டாலர் தருவதாக ஒப்பந்தமாகி வழக்கு முடிந்தது. இடையில் டுராங்கோ ரயில் எண்ணெய்க்கு மாறத் தொடங்கியது. 493 என்ற எண்ணுள்ள கே-37 இன்ஜின் எண்ணெயில் ஓடும்படி மாற்றப்பட்டு 2020-இல் பாதைக்கு வந்தது. ஊட்டி ரயிலில் நிலக்கரி போய் ஃபர்னஸ் ஆயில் வந்ததைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. காடு காய்ந்திருக்கும் மாதங்களில் ரயிலின் பின்னாலேயே தண்ணீரோடு காவல் வண்டிகள் போகின்றன. இதையெல்லாம் பார்த்துவிட்டுச் சிலர் கேட்கிறார்கள்: சும்மா நிற்கிற பழைய டேங்கரில் எண்ணெய் ஏற்றினால் என்ன, தண்ணீர் ஏற்றித் தீயணைக்க வைத்துக்கொண்டால் என்ன?

கேள்வி நியாயமானது. வேலையிலிருக்கும் வேகனைத்தான் மனிதர்கள் கவனிப்பார்கள் என்பதும் உண்மை. ஆனாலும் என் பதில், கூடாது என்பதுதான். எண்ணெய் ஏற்ற இன்றைய விதிகள் அந்த ரிவெட் தொட்டியை ஒப்பாது, ஒப்பவும் வேண்டாம். தண்ணீர் இன்னும் மோசம். இத்தனை காலம் உட்புறத்தைக் காப்பாற்றியது பழைய எண்ணெய்ப் படலம். தண்ணீரும் காற்றும் மாறி மாறிப் போனால் சில கோடைகளிலேயே உட்புறம் அரிக்கத் தொடங்கிவிடும். தண்ணீருக்கு இன்று புதிதாக ஒரு தொட்டி செய்து தட்டை வேகனில் ஏற்றுவது எளிது. 1900-களின் ரிவெட் தொட்டியைப் புதிதாகச் செய்ய முடியாது. மூடி போட்டு, உட்புறத்தை உலர்வாக வைத்து, வெளியே பலகையும் கைப்பிடியும் சரிசெய்து, சக்கரத் தொகுதிக்கு எண்ணெயிட்டு, ஆண்டுக்கு ஒரு தடவையாவது யார்டுக்குள் மெல்ல உருட்டி வைத்தால் போதும். புகைப்படக்காரர்களுக்கான சரக்கு ரயில் விடும் நாட்களில், கனம் அளந்து தேறியவற்றைக் காலியாகவே கோத்து இழுக்கலாம்.

1948-இல் அலமோசாவுக்கு வந்து மோட்டல் நடத்திய ராபர்ட் ரிச்சர்ட்சன் என்பவர், குறும்பாதைகள் பிடுங்கப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில் உடைக்க வந்தவர்களிடமிருந்து இன்ஜின், வேகன், காகிதம் என்று கிடைத்ததையெல்லாம் சேர்த்தார். கோல்டனில் 1959-இல் திறந்த கொலராடோ ரயில் அருங்காட்சியகம் அதிலிருந்து வளர்ந்தது. டென்வரிலிருந்து அரை மணி நேரம்தான், குழந்தைகளோடு போகலாம். கம்ப்ரஸ் அண்ட் டோல்டெக் பாதைக்கு 1988 முதல் நண்பர்கள் சங்கம் ஒன்று இருக்கிறது. கோடைதோறும் சாமாவிலும் அன்டோனிட்டோவிலும் வேலை முகாம் நடத்துகிறார்கள். தச்சர், பெயின்டர், ஓய்வுபெற்ற ஆசிரியர், வங்கி அலுவலர் என்று பலரும் சொந்தச் செலவில் வந்து வேலை செய்கிறார்கள். இங்கே நாம் எவ்வளவோ பேர் வாழ்கிறோம். பொங்கல் விழாவுக்குக் கூடுகிற கூட்டத்தில் பத்தில் ஒரு பங்கு முகாமில் தலைகாட்டினாலும் யார்டு நிறைந்துவிடும்.

இரும்பு வேலை தெரியாதவர்களுக்கும் இடமுண்டு. வரைபடம் போடத் தெரிந்தவர்கள் முப்பரிமாண ஸ்கேனரோடு வந்து ஒவ்வொரு ரிவெட்டையும் பதிவு செய்யலாம்; முழு வரைபடம் ஒன்று ஆன்லைனில் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. ஆவணம் தேடப் பிடிக்கிறவர்கள் பழைய படங்களில் தெரியும் வேகன் எண்களைப் பட்டியலிடலாம். இந்தப் பாதையில் தண்டவாள வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் சாமா, அன்டோனிட்டோ பக்கத்து ஸ்பானிஷ் பேசும் குடும்பத்தினர். சாமாவில் எண்ணெய் நிரப்பியதைச் சிறுவயதில் பார்த்தவர்களுக்கு இன்று எழுபது வயதை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். உங்கள் பிள்ளைகள் பள்ளியில் ஸ்பானிஷ் படிக்கிறார்கள். ஒரு கைப்பேசியையும் பொறுமையையும் கொடுத்து அந்தப் பெரியவர்கள் முன்னால் உட்காரவையுங்கள். எண்ணெய் நாற்றம், வடிகுழாய் உறைந்துபோன குளிர்காலம், கூலி எவ்வளவு என்று அவர்கள் சொல்வது எந்த ஏட்டிலும் கிடைக்காது. இதை ஒத்திப்போட முடியாது. பெயின்ட்டையாவது அடுத்த ஆண்டு அடிக்கலாம்.

முகாமுக்குப் பதிவு செய்ய நண்பர்கள் சங்கத்தின் இணையதளத்தில் படிவம் இருக்கும். இடங்கள் வசந்த காலத்திலேயே நிரம்பத் தொடங்கும். டென்வரிலிருந்து அன்டோனிட்டோ சுமார் நாலரை மணி நேரம். தடித்த தோல் கையுறையும் இரும்பு முனைக் காலணியும் சொந்தமாக எடுத்து வாருங்கள். சாமா கிட்டத்தட்ட 7,900 அடியில் இருக்கிறது, ஜூன் மாத இரவிலும் ஸ்வெட்டர் வேண்டும். பகலில் வெயில் ஏறியபின் தொட்டியின் மேல் கை வைக்க முடியாது. அளவெடுக்கும் வேலையைக் காலை பத்து மணிக்குள் முடித்துவிடுவது நல்லது.

அன்புடன்,
தொட்டிகளோடு பழகிய ஒரு பழைய சோதனைக்காரன்